பங்காளிப் பெட்டிகள்

தேனீ தன் வீட்டுப் பிள்ளையையே தின்னும் என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால், திலகவதி அவர்களைப் பேச்சிலேயே தோப்பைவிட்டு விரட்டியிருப்பாள். ஆனால் பார்த்தது அவளே. தை மாதத்து வெயில் தென்னை மட்டைகளுக்கு நடுவே இறங்கி, அவள் தூக்கிப் பிடித்திருந்த தேனடைச் சட்டத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஆராய்ச்சிக்காரப் பெண் ரஞ்சிதா பூதக்கண்ணாடியைக் காட்டினாள். கண்ணாடிக்குள் ஒரு வேலைக்கார ஈ அறைக்குள்ளே தலையை விட்டது. வெளியே எடுத்தபோது அதன் வாயில் குருணையைவிடச் சின்னதாக, வெள்ளையாக ஒரு புழு. எங்கேயோ இடம் மாற்றி வைக்கப்போகிறது என்றுதான் திலகவதி நினைத்தாள். ஈ நின்ற இடத்திலேயே அதை மென்று விழுங்கியது. அடுத்த அறைக்குப் போனது.

"ஐயையோ! என்ன பாப்பா இது?"

ஏழு வருசமாகத் தினமும் திறந்து பார்க்கிற பெட்டி. அதற்குள் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

கீழவாசக்குடியில் திலகவதியை 'ஈக்காரம்மா' என்றால்தான் தெரியும். ஆலங்குடியிலிருந்து வரும் மினி பஸ்ஸில் "ஈக்காரம்மா வீடு" என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் கொடுப்பார்; அவள் தோப்பு வாசலில் அப்படி ஒரு ஸ்டாப்பே உண்டாகிவிட்டது. பத்தாவதில் கணக்கில் தோற்றவள். வீட்டுக்காரர் அய்யப்பன் சின்ன யானை என்கிற சரக்கு வண்டி ஓட்டுகிறார். காலையில் பூ மூட்டை, மதியம் பலாப்பழம் என்று மார்க்கெட்டுக்குப் போய்வருவார். ஒரே மகள் திருச்சியில் நர்ஸ். ஈ வளர்ப்பதற்கென்று அந்த வீட்டில் யாரும் பிறக்கவில்லை. கஜா புயல்தான் அதைக் கொண்டுவந்து விட்டது.

அந்தப் புயல் வந்த விடியலில் அவர்கள் தோப்பில் தென்னை பாதிக்கு மேல் படுத்துவிட்டது. கொல்லையில் நின்ற நூறு வயசுப் பலாமரம் வேரோடு சாய்ந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஊரே கரண்ட் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் தவித்த அந்த எட்டாம் நாள், விறகுக்குக் கிளை வெட்டப்போன திலகவதி பிளந்த பொந்துக்குள் ஒரு கைப்பிடி ஈயைப் பார்த்தாள். மழையில் நனைந்து, அடை பிய்ந்து, அப்படியும் நடுவில் ஒரு ராணியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஈகூட அவளைக் கொட்டவில்லை. ஊறுகாய்ப் பானையைக் கழுவி, அதற்குள் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள். அவை பிழைத்தன.

அந்த ராணிக்கு அவள் வைத்த பெயர் பலாக்காரி.

பிறகு ஒருநாள் பயிற்சிக்குப் போனாள், பெட்டி வாங்கினாள், ஒன்றை இரண்டாகப் பிரிக்கக் கற்றாள். பலாக்காரியின் மகள்கள் தனிப் பெட்டிக்குப் போனார்கள், அவர்களின் மகள்கள் வேறு பெட்டிக்கு. அப்படியொரு சாதுவான வம்சம். புகை போடாமல், முகத்துக்கு வலை கட்டாமல் திறக்கலாம். பூப்பறிக்க வரும் பெண்கள் பெட்டி மேலேயே சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போவார்கள். புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பொந்துள்ள மரமே இல்லாமல் போனது. காட்டு ஈ அபூர்வமாகத்தான் வந்தது. வந்ததும் கொட்டுகிற ஈயாக வந்தது. வீட்டு ஜன்னலிலோ கோயில் மதிலிலோ அது அடை வைத்துவிட்டால் ஆள் திலகவதியைத்தான் கூப்பிடுவார்கள். போவாள், புகை போட்டு விரட்டுவாள், பொந்தைப் பூசச் சொல்வாள், பதிலுக்குத் தன் பெட்டியில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவாள்.

அவள் பெயர் நாலு ஊர் தாண்டியது அண்ணன் மகள் புவனேஸ்வரி கல்யாணத்தில். அந்தக் கல்யாணத்துக்கும் ஒரு கதை உண்டு. முதலில் கறம்பக்குடிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை முடிவாகி, பத்திரிகை அடிக்கிற வரைக்கும் வந்துவிட்டது. திலகவதிதான் கடைசியில் போய் உட்கார்ந்து, "உங்க கோயிலு எது, எந்தக் கரை?" என்று துருவித் துருவிக் கேட்டாள். நாலு தலைமுறைக்கு முன்னால் பிரிந்துபோன ஒரே கோயில் பங்காளி என்று தெரிந்தது. பங்காளி என்றால் அண்ணன் தம்பி முறை. கல்யாணம் நின்றது. "எங்க அத்தை மட்டும் கேக்காம இருந்திருந்தா அண்ணனைக் கட்டியிருப்பேன்" என்று புவனேஸ்வரி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அடுத்த தையில் வேறு இடம் அமைந்தது. அத்தை சீர் வைக்கவேண்டுமே? பித்தளை அண்டா வைப்பது வழக்கம். திலகவதி பழத்தட்டு, பூத்தட்டுகளுக்கு நடுவே ஒரு தேன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்டி வாசலில் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, அய்யப்பன் தலையில் ஏற்றி, மேளத்தோடு மண்டபத்துக்குள் வந்தது பெட்டி. அவ்வளவு சத்தத்திலும் ஒரு ஈகூட யாரையும் தொடவில்லை.

அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றாலே பெட்டிச் சீர். ஆறு வருசத்தில் எழுபத்துமூன்று பெட்டி போயிருக்கிறது. எல்லாம் பலாக்காரியின் மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி.

போன வருசம் மகளிர் குழுக் கூட்டத்தில் அவள் பேசியதை யாரோ போனில் பிடித்து வாட்ஸப்பில் விட்டார்கள். மூன்று நிமிச வீடியோ. "கொட்டுற ஜாதியை வச்சுக்கிட்டு என்னத்துக்கு ஆகும்? பொந்தைச் சிமெண்டு வச்சுப் பூசி விட்டுருங்க. எனக்கு ஒரு போனைப் போடுங்க. என் பலாக்காரி வம்சத்துல ஒரு பெட்டி தாரேன், பச்சப்பிள்ளை மாதிரி இருக்கும்." எங்கெங்கோ போன வீடியோ அது.

ஆனால் இரண்டு வருசமாகப் பெட்டிகள் சரியில்லை. அடையைத் தூக்கிப் பார்த்தால், மூடிக்கிடக்கவேண்டிய புழு அறைகள் நடுவே ஓட்டை ஓட்டையாகக் காலி. கரையான் அரித்த பலகை மாதிரி. ஈக்கூட்டம் பெருகாமல் சுருங்கி, ஒருநாள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். நாற்பத்தொரு பெட்டி இருந்த தோப்பில் இருபத்தாறுதான் மிச்சம். சீர் போன வீடுகளிலிருந்தும் ஒவ்வொருத்தராகப் போன் செய்தார்கள். திலகவதி செல்போன் டவரைத் திட்டினாள், பூக்கொல்லைக்கு அடிக்கிற மருந்தைத் திட்டினாள், ஊரைச் சுற்றி வளர்ந்துவிட்ட தைலமரத்தைத் திட்டினாள். தன் ஈயைத் திட்டவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ரஞ்சிதா வருவதாகத் தகவல் வந்தது. நாட்டு ஈ அழிந்துபோகாமல் இருக்க, மாவட்டத்துக்கு நல்ல தாய்ப்பெட்டிகளைத் தேடி, அதிலிருந்து நூறு பெட்டி பெருக்கி எல்லா ஒன்றியத்துக்கும் கொடுக்கப்போகிறார்களாம். அதற்கு ஆராய்ச்சி செய்கிற பெண். திலகவதி தோப்பைக் கூட்டிப் பெருக்கினாள். பெட்டிகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். பலாக்காரி வம்சம் மாவட்டம் முழுக்கப் போகப்போகிறது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ரஞ்சிதா வந்து, மோர் குடித்து, சட்டங்களைத் தூக்கிப் பார்த்தாள். நூறு அறை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிய அட்டை ஒன்றை அடையில் வைத்து, காலி அறைகளை எண்ணினாள். நாற்பத்தேழு. அடுத்த பெட்டி, நாற்பத்தொன்று. அடுத்தது, நாற்பத்தொன்பது. அப்புறம்தான் பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

"வியாதியா பாப்பா?"

"இல்லக்கா. வியாதின்னா புழு செத்துக் கிடக்கும், வாடை வரும். இது வேலைக்கார ஈயே எடுத்துத் தின்னுது. பெண்ணாப் பொறக்கவேண்டிய முட்டை, எதுக்கும் ஆகாத ஆணா மாறிப் போச்சுன்னா, அதை வளர்க்கவே விடாதுங்க."

"ஏன் மாறுது?"

"ஒவ்வொரு ஈக்கும் உள்ளுக்குள்ள ஒரு முத்திரை மாதிரி இருக்குக்கா. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. ரெண்டும் வேற வேறயா இருந்தா வேலைக்கார ஈ. ரெண்டும் ஒண்ணா இருந்தா அந்தப் புழு வீண்." ரஞ்சிதா மற்ற பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தாள். "இந்த ராணிங்க எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"எல்லாம் என் வீட்டுதுதான்!" திலகவதி குரலில் இன்னும் பெருமை இருந்தது. "வெளி ஈ ஒண்ணு உள்ள வரவிடல."

"சேர்ற ஆண் ஈ?"

"அதுவும் நம்ம பெட்டியிலருந்துதான் போகும். பத்துப் பன்னிரண்டு ஊருக்கும் நம்ம ஈதானே?"

வேலியோரம் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்த பக்கத்துத் தோப்பு ஆரோக்கியம்மாள், பல்லில் நாரைக் கடித்தபடியே சிரித்தாள். திலகவதியைவிட ஐந்து வயசு மூத்தவள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"ஏண்டி திலகம், மனுசருக்குன்னா எந்தக் கோயிலு, எந்தக் கரைன்னு பத்திரிகை அடிச்ச கல்யாணத்தைக்கூட நிப்பாட்டுவே. ஈக்கு மட்டும் பங்காளிக்குள்ளயே கட்டிக் குடுத்துட்டியாக்கும்?"

சொன்னது கேலிக்குத்தான். திலகவதியும் சிரிக்க வாயெடுத்தாள். ரஞ்சிதா சிரிக்கவில்லை.

"அவங்க சொல்றதுதான்க்கா சரி" என்றாள் மெதுவாக.

திலகவதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சட்டம் மடியில் கிடந்தது. ஈக்கள் அவள் முந்தானையில் ஏறி நடந்தன. அப்போதும் ஒன்றுகூடக் கொட்டவில்லை. எழுபத்துமூன்று சீர். ஒவ்வொரு பெட்டிக்கும் அவளே குங்குமம் வைத்து, அவளே மேளத்தோடு அனுப்பி... தங்கையை அண்ணனிடம் அனுப்பியிருக்கிறாள். ஆறு வருசமாக. புவனேஸ்வரி கல்யாணத்தில் தொடங்கியல்லவா அனுப்பினாள்!

"நான் ஒத்தை ராணியைக் காப்பாத்தினேன் பாப்பா" என்றாள்.

"அது தப்பில்லக்கா. அது இல்லாட்டி இந்தப் பக்கம் ஈயே இருந்திருக்காது. ஆனா ஒத்தை வம்சம் மட்டும் போதாது. இப்பவே வெளி வம்சம் கலக்கலன்னா அடுத்த ஐப்பசி மழைக்குள்ள ஒரு பெட்டியும் நிக்காது." தாய்ப்பெட்டி என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. அட்டையையும் பூதக்கண்ணாடியையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குத் திலகவதி சோற்றில் கை வைக்கவில்லை. அய்யப்பன் தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்.

"மார்த்தாண்டத்துல கேட்டா அம்பது பெட்டி ஏத்தி விடுறான். நான் போய் எடுத்துட்டு வாரேன். அதுக்குப் போய் இப்படியா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே?"

ரஞ்சிதாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "வேண்டாம்க்கா. அது மழை ஊரு ஈ. நம்ம வெயில்ல நின்னு பழகின ஈதான் வேணும். புயல் அவ்வளவா அடிக்காத பக்கமாப் பாருங்க. இலுப்பூர்ப் பக்கம் பாறைப் பொந்து, பழைய கட்டடத்துல இன்னும் இருக்கலாம். ஒண்ணு மட்டும். முழுசா எடுத்துட்டு வந்துராதீங்க, அங்கயும் வம்சம் நிக்கணும். முட்டை உள்ள அடை ஒண்ணு, ஆண் புழு உள்ள அடை ஒண்ணு போதும்."

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் சின்ன யானையில் கிளம்பினார்கள். புதுக்கோட்டை தாண்டி, பலாவும் தென்னையும் மறைந்து, பாறையும் கருவேலமுமாக ஊர் மாறியது. இலுப்பூரில் டீக்கடையில் விசாரித்ததில், "மலையாண்டி அண்ணன் மோட்டார் ரூம்புல இருபது வருசமா கூடு இருக்கு, அங்கிட்டுப் போய்ப் பாருங்க" என்றார்கள்.

மலையாண்டிக்கு அறுபது இருக்கும். கடலைக் கொல்லையில் நின்றவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பொந்து ஈயா? இருந்துச்சு ஆத்தா. பேய் ஈ. மோட்டார் போட வந்தா மூஞ்சியில ஏறி அடிக்கும். அதை அடைச்சு நாலு நாளாச்சு."

"அடைச்சீங்களா?"

"ஆமா, சிமெண்டு வச்சு. இந்தா, இந்தம்மாதான் சொன்னுச்சு" என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தட்டினார்.

திலகவதி தன் குரலையே கேட்டாள். *கொட்டுற ஜாதியை வச்சுக்கிட்டு என்னத்துக்கு ஆகும்?* இத்தனை தூரம் தள்ளி, காய்ந்த கடலைக் கொல்லை நடுவே, அவள் குரல் கணீரென்று ஒலித்தது. *பொந்தைச் சிமெண்டு வச்சுப் பூசி விட்டுருங்க.*

மலையாண்டி போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"அட! நீங்கதானா ஆத்தா அது? வாங்க வாங்க! ஒரு ஓட்டை விடாமப் பூசியிருக்கேன், வந்து பாருங்க. எங்க மச்சான் வீட்டுலயும் அடைக்கச் சொன்னேன். கீழத்தெரு வேப்பமரத்துலயும் அடைச்சாச்சு."

அவர் காட்டிய சுவரில் ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டு, மட்டப்பலகை வைத்துத் தேய்த்த மாதிரி நேர்த்தியாக, இன்னும் முழுசாக வெளுக்காமல் இருந்தது. திலகவதி காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தன் பெட்டிக்குள் பங்காளியைக் கட்டிக்கொடுத்தது ஒரு பக்கம். மாப்பிள்ளை வரவேண்டிய வீட்டையும் ஆள் வைத்துப் பூசியிருக்கிறாள்.

"என்னங்க, ஜாக்கி லிவர் இருக்கா வண்டியில?"

"திலகா, பொறு. இவரு சுவரு..."

"சுவத்தை நான் பூசித் தாரேன்!"

அந்தச் சத்தத்தில் மலையாண்டியே ஓடிப்போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்துவந்தார். திலகவதி யாரிடமும் கொடுக்கவில்லை; அவளே அடித்தாள். நாலாவது அடியில் சிமெண்டு விரிந்தது. ஏழாவது அடியில் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருட்டு. ஒரு மூச்சு நேரம் எதுவும் அசையவில்லை.

பிறகு ஒன்று வந்தது. அவள் புருவத்தில் கொட்டியது.

இன்னொன்று கழுத்தில். இன்னொன்று காதில். பின்பக்கம் ஒயர் போகிற ஓட்டை ஒன்று மலையாண்டி கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. அது வழியாக மூச்சு வாங்கி, சேர்த்துவைத்த தேனைக் குடித்து நாலு நாளைத் தள்ளியிருந்தன. மலையாண்டி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். "இதுக்குத்தானே ஆத்தா அடைக்கச் சொன்னே!" என்ற சத்தம் கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. ஏழு வருசத்தில் திலகவதி தன் பெட்டிக்குப் புகைப்பான் பற்றவைத்ததில்லை. அன்றைக்குப் பற்றவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள்.

வரிசையாக ஏழு அடை. செத்த ஈ தரையில் குவிந்துதான் கிடந்தது. ஆனால் நடு அடையைக் கத்தியால் லேசாக விலக்கியபோது, புழு மூடிய அறைகள் கோலமாவு கொட்டிப் பரப்பின மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம் வரை நிரம்பி இருந்தன. ஓட்டையே இல்லை. இப்படி ஓர் அடையைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். பலாக்காரியின் முதல் வருசம். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மறுகண்ணில் தண்ணீர் ஓடியது. அது கொட்டினதாலா என்று அய்யப்பனுக்குப் புரியவில்லை.

முட்டை உள்ள அடை ஒன்று, ஆண் புழு உள்ள அடை ஒன்று எடுத்தாள். ராணியை அங்கேயே விட்டாள். சுவரில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசல் வைத்து மீதியைப் பூசினாள். மலையாண்டிக்குச் சமாதானம் சொல்லும் முறை அய்யப்பனுடையது: மோட்டார் சுவிட்சைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டிக்கொடுத்தார். சாயங்காலம் போய் வேப்பமரத்தையும் பார்த்தார்கள். அதில் வேறு ஓட்டை இல்லை. உளி உள்ளே போனதும் வாடைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து அவள் செய்த காரியத்தை யாரிடமும் விரிவாகச் சொல்வதில்லை. புது அடையின் முட்டையிலிருந்து ராணி வளர்க்கவேண்டுமானால், அந்தப் பெட்டியில் வேறு ராணி இருக்கக்கூடாது. பலாக்காரியின் பேத்தி ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் அது சாதுவாக நடந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினாள். மற்ற இருபத்தைந்தை அப்படியே விட்டாள். அந்த வம்சமும் வேண்டும் என்று ரஞ்சிதா சொல்லியிருந்தாள்.

பங்குனி பாதியில், இலுப்பூர் முட்டையில் பிறந்த ராணி பறந்து, சேர்ந்து, திரும்பிவந்து முட்டையிட்டிருந்தது. ரஞ்சிதா வந்து அட்டையை அடையில் வைத்தாள். திலகவதி அவளை எண்ணவிடாமல் தானே எண்ணினாள். நூற்றில் எட்டு அறைதான் காலி. நம்பாமல் மறுபடி எண்ணினாள். எட்டுதான். அதற்குள் ஒரு ஈ அய்யப்பன் காதில் ஏற, அவர் "ஐயோ அம்மா" என்று தோப்பைவிட்டு ஓடினார்.

"மருமக வந்தாச்சுடி" என்றாள் ஆரோக்கியம்மாள் வேலிக்கு அந்தப்பக்கம் எட்டவே நின்றுகொண்டு. "வாய் அப்படியே என்னைக் கொண்டிருக்கு."

திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது நெடுநேரம் நிற்கவில்லை, போன் அடித்துவிட்டது. இலுப்பூரிலிருந்து வந்த மறுநாளே புது வீடியோ போட்டிருந்தாள். "நான் சொன்னது தப்பு. கொட்டுற ஈயை அடைக்காதீங்க. அடைச்சவங்க எனக்குப் போன் பண்ணுங்க" என்று, வீங்கிய கண்ணோடு எடுத்தது. பத்துப் பேர் கூப்பிட்டால் அதிகம் என்று நினைத்தாள். அறுபத்திரண்டு போன் வந்துவிட்டது. கீரனூரில் ஒரு பள்ளிக்கூட மதில், ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கிணறு, எங்கோ ஒரு புளியமரம்... ஒவ்வொருத்தரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையில்தான் தொடங்குகிறார்கள்: "நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, நான்தான்" என்கிறாள் அவள். "எப்ப அடைச்சீங்க? வேற ஓட்டை ஏதும் இருக்கா, நல்லாப் பாருங்க. தொடாதீங்க, நானே வாரேன்."

அவள் பையில் புகைப்பானுக்குப் பக்கத்தில் இப்போது ஓர் உளியும் சுத்தியலும் இருக்கின்றன.